முப்பத்தேழாம் இலக்கக் கொம்பு

தேங்காய் எங்கே என்று ஐயர் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது தக்சாயினி குப்பைத்தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்திருந்தாள்.

வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேலே சொருகியிருந்தாள். வேலை செய்யும் பல் வைத்தியரிடமிருந்து எடுத்துவந்த நீலக் கையுறைகளை மாட்டிக்கொண்டு வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, பத்து நாளாகச் செத்தவீட்டுக்கு வந்த பூங்கொத்துகளின் காம்புகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் போட்டாள். எதிர்வீட்டு ஜெர்மன் கிழவி யன்னல் திரையை ஒரு விரலளவு விலக்கிப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தகப்பனை எரிக்கப்போகும் காலையில் மகள் குப்பை கிளறினால் நாங்கள் திரையை முழுதாகவே விலக்கிப் பார்த்திருப்போம்.

"தக்சா! உதுக்குள்ளை என்னடி தேடுறாய்? பதினொண்டுக்கு எரிக்கத் தந்த டெர்மின். ஒரு நிமிசம் பிந்தினாலும் அடுத்த பிரேதத்தை உள்ளை விட்டிடுவாங்கள்."

வாசலில் நின்றவர் சந்திரகாந்தி மாமி, செத்துப்போன விமலநாதனின் மூத்த அக்கா. சாவுச் செய்தி கேட்ட அன்றே கொலோனில் இருந்து இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்திறங்கி, வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சாமானும் இருந்த இடத்தில் இல்லை.

"நிலவறை ஃப்ரீசருக்குள்ளை பேப்பர் சுத்தின ஒரு சாமான் இருந்தது, மாமி. எங்கை அது?"

"என்ன சாமான்?"

"மானின்ரை கீழ்த்தாடை எலும்பு."

மாமி கண்ணை மூடித் திறந்தார். "செத்தவீட்டிலை ஃப்ரீசர் நிறைய மச்ச மாமிசம் வைச்சிருக்கலாமே? முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் இந்த வீட்டிலை கறியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எல்லாத்தையும் துடைச்செடுத்து அண்டைக்கே அனுப்பிப்போட்டன்."

"எங்கை அனுப்பினனீங்கள்?"

"சூசைதாசன் கொண்டுபோனவன். வேதக்காரர்தானே, அவைக்குத் துடக்கு, தீட்டு இல்லை. இறைச்சி பதினாலு கிலோ. எலும்பையும் அதோட வைச்சுவிட்டன், சூப்புக்கு நல்லது எண்டு."

தக்சாயினி நிமிர்ந்தாள். கையுறையில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. அதை உதறினாள். மாமியோடு கதைக்கத் தொடங்கினால் பதினொரு மணிக்குள் முடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த எலும்பின் கதையைச் சொல்வதென்றால் விமலநாதனின் கதையைச் சொல்லவேண்டும். ஐஃபெல் மலையோரத்து இந்தச் சிற்றூருக்கு அகதியாக வந்து, அரசாங்கக் காட்டில் மரம் நடும் வேலைக்குப் போன மனிதர். முப்பது வருடம் நட்டார். அதில் கடைசிப் பதினைந்து வருடம் வேட்டைக்காரரும்கூட. ஜெர்மன்காரரே இரண்டு தரம் தோற்கிற வேட்டைச் சோதனையை முதல் தரமே பாஸ்பண்ணி, பச்சைத் தொப்பி வாங்கிப் போட்டார். நம்மாட்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சைவக்காரன், வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் படிக்கிறவன், சனிக்கிழமை துவக்கோடு காட்டுக்குப் போகிறான். 'வள்ளியம்மனைத் தேடிப் போறார் போல' என்று சிரித்தார்கள். ஒருநாள் அவர் மான் பார்க்கும் பரணில் இருந்து விழுந்துதான் சாவார் என்று பலர் முன்கூட்டியே முடிவெடுத்தும் வைத்திருந்தார்கள். அவரோ பெற்றோல் நிலையத்தில் கார் டயருக்குக் காற்றடிக்கக் குனிந்தவர், நிமிரவில்லை. செய்தியைக் கேட்ட சிலரின் குரலில் அனுதாபத்தோடு லேசான ஏமாற்றமும் இருந்தது.

செத்து மூன்றாம் நாள் வட்டார வேட்டைச் சங்கத்தின் கடிதம் வந்தது. அனுதாபக் கடிதம் என்று நினைத்துத்தான் தக்சாயினி உடைத்தாள். அது வேறு.

வருடத்துக்கொரு முறை, மார்ச் மாதத்தில், அந்த வட்டாரத்தில் சுடப்பட்ட ஆண்மான்களின் கொம்புகள் எல்லாவற்றையும் மண்டபத்தில் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு கொம்புக்குக் கீழும் சுட்டவரின் பெயர் இருக்கும். சங்கத்தின் விதிப்படி சுட்டிருந்தால் பச்சைப் புள்ளி, விதியை மீறியிருந்தால் சிவப்பு. விதி இதுதான்: இரண்டு கொம்பின் உச்சியிலும் கிளைகள் சேர்ந்து அரச முடிபோல நிற்கிற மானைப் பத்து வயது ஆகுமட்டும் தொடக்கூடாது. கொம்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வயதைத் தாடைப் பல்லின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம். ஜனவரியில் விமலநாதன் சுட்ட மானுக்கு இரண்டு பக்கமும் முடி இருந்தது. ஆகவே, கடிதம் சொன்னது, கொம்பையும் தாடையையும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மண்டபத்தில் ஒப்படைக்கவும். தாடை இல்லையேல் சிவப்பு.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று. நாளை கொம்புக் காட்சி.

பதினைந்து வருடத்தில் அப்பாவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி விழுந்ததில்லை. அவர் பிழையாகச் சுடமாட்டார். அந்த மானுக்குப் பத்து வயது இருந்தே தீரும். எரித்து அடுத்த நாளே ஊர் முழுக்கக் கூடுகிற மண்டபத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு ஒட்டக்கூடாது. தக்சாயினி ஒரு கிழமையாகப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதைப் பிடித்தால் விழுந்துவிடுவாள் என்று அவளுக்குப் பயமாக இருந்திருக்கலாம்.

எரியூட்டும் மண்டபத்தில் நாற்பத்தைந்து நிமிடம் தந்திருந்தார்கள். ஐயர் ஐந்து மணித்தியாலக் கிரியையை அதற்குள் மடித்துவைக்கப் பாடுபட்டார். மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் ஆராய்ச்சி செய்கிற தம்பி கிருபன், புதிதாக மழித்த தலையோடு, ஐயர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தான். அம்மா யோகம் பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். அழவில்லை. அப்பாவின் வேட்டிக் கரையை இழுத்து நேராக்குவதும் அது திரும்ப மடிவதும் மறுபடி நேராக்குவதுமாக இருந்தாள்.

தக்சாயினியின் கண் சனத்துக்குள் சூசைதாசனைத் தேடியது. அவர் இன்னும் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. பதினாலு கிலோ இறைச்சி, பத்து நாள்.

அவர் வரவில்லை, பச்சைச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். ஐந்து பேர், கையில் ஆளுக்கொரு தேவதாரு மரச் சிறு கொப்பு. அவர்களில் உயரமானவர் டிரேசன், வேட்டைச் சங்கத் தலைவர். புள்ளி ஒட்டுகிற கை அவருடையதுதான். தக்சாயினியின் கையை இரண்டு கையாலும் பிடித்து, பதினைந்து வருடமாகப் பக்கத்துப் பரணில் இருந்த மனிதன் என்றார். கண் உண்மையாகவே சிவந்திருந்தது.

"தாடை பின்னேரம் வரும்" என்றாள் அவள் ஜெர்மனில்.

"அதைப் பற்றி இன்று யோசிக்காதீர்கள், ஃப்ராவ் விமலநாதன். தாடை இல்லாவிட்டால் சிவப்புத்தான், அது விதி, என்னால் மாற்ற முடியாது. ஆனால் சிவப்பு விழுந்தவரைத்தான் நாங்கள் எழுப்பி, எல்லோர் முன்னும் விளக்கம் கேட்போம். அது இந்தத் தடவை இருக்காது. முப்பத்தேழாம் இலக்கம் வரும்போது முப்பத்தெட்டுக்குப் போய்விடுவோம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்."

"அப்பா பிழையாகச் சுடவில்லை."

"ஜனவரியில் நானும் அந்தக் கொம்பைப் பார்த்தேன், ஆறு வயது" என்றார் டிரேசன் மெதுவாக. "நல்ல மான். இன்னும் நாலு வருடம் இருந்திருக்கவேண்டும்."

அவள் வாயைத் திறக்க, ஐயர் வாய்க்கரிசிக்கு ஆட்களைக் கூப்பிட்டார்.

வரிசை நகர்ந்தது. டிரேசனும் நின்றார். தன் முறை வந்ததும் முன்னால் போனவர் செய்ததைப் போலவே மூன்று விரலால் அரிசி எடுத்து விமலநாதனின் உதட்டில் வைத்தார். பிறகு கையிலிருந்த தேவதாருவில் ஒரு நுனியைக் கிள்ளி, அரிசிக்குப் பக்கத்தில் அதையும் வைத்தார்.

ஐயரின் மந்திரம் நின்றது.

"நாங்கள் மானுக்குச் செய்வது" என்றார் டிரேசன், யாரிடம் மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல். "சுட்ட மானின் வாயில் ஒரு கொப்பு வைப்போம். கடைசிக் கவளம் என்று."

கிருபன் அதைத் தமிழில் சொன்னான். சந்திரகாந்தி மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் குனிந்தார். "என்ரை தம்பியைக் கடைசியிலை மானாக்கிப் போட்டாங்களடி." சொல்லிவிட்டு, பத்து நாளில் முதல் தடவையாகக் குரலெடுத்து அழுதார்.

அம்மா குனிந்து பார்த்தாள். கொப்பை எடுக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். எடுக்கவில்லை. வேட்டிக் கரைக்குத் திரும்பிவிட்டாள்.

நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் ஊழியர் கதவருகே வந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். கிருபன் பொத்தானை அமத்தினான்.

சூசைதாசன் அகப்பட்டது வெளியே, கார் நிறுத்துமிடத்தில். பிந்தி வந்து கடைசி வரிசையில் நின்று, கையில் பிடித்த தொப்பி நனைய அழுதிருந்தார். மருத்துவமனைச் சமையலறையில் வேலை. விமலநாதனோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்.

"சூசை அங்கிள், மாமி தந்த இறைச்சியோட ஒரு எலும்பு..."

"ஐயோ பிள்ளை, அதை ஏன் கேக்கிறாய்." அவர் கண்ணைத் துடைத்தார். "நான் சூப்புக்கு எண்டு சட்டி வைச்சிட்டன். பேப்பரைப் பிரிச்சால் பல்லு! என்ரை மனிசி அஞ்சலா அலறினது மூண்டாம் மாடிக்குக் கேட்டிருக்கும். 'சிரிக்கிற சாமானை நான் சமைக்கமாட்டன்' எண்டிட்டா."

"எறிஞ்சுபோட்டீங்களோ?"

"எறிய மனம் வரேல்லை. விமலன்ரை சாமான். பல்கனியிலை கிடக்கு."

தகனம் முடிந்தால் நேரே வீட்டுக்குப் போய் முழுகவேண்டும். இடையில் இன்னொரு வீட்டுப் படி மிதிக்கக்கூடாது. மாமி காருக்குள் இருந்து இதை இரண்டு தரம் நினைவுபடுத்தினார், மூன்றாம் தரம் யன்னலைத் தட்டியும் காட்டினார். தக்சாயினி சூசைதாசனின் காரில் ஏறினாள்.

"எங்கட வீட்டுக்கு வரலாம், பிள்ளை" என்றார் அவர் கியரை மாற்றிக்கொண்டே. "எங்களுக்கு உந்தத் துடக்கு ஒண்டும் இல்லை. வேணுமெண்டால் அஞ்சலா தீர்த்தம் தெளிப்பா."

அஞ்சலா அன்ரி தீர்த்தம் தெளிக்கவில்லை, தேத்தண்ணீர் வைத்தார். பல்கனியில் இருந்து பிளாஸ்ரிக் பையைக் கையைத் தூர நீட்டிப் பிடித்தபடி கொண்டுவந்து மேசையில், பழைய பேப்பர் ஒன்றின் மேல் வைத்தார். மார்ச் குளிரில் அது கெடாமல் இருந்தது.

தக்சாயினி கைப்பையில் இருந்த புதுக் கையுறைகளை மாட்டிக்கொண்டு தாடையை வெளியே எடுத்தாள். ஏழு வருடமாகத் தினமும் வாய்க்குள் பார்க்கிறவள். மனிதப் பல்லோ மான் பல்லோ, அரைத்துத் தேய்ந்த பல்லுக்கும் அரைக்கத் தொடங்கிய பல்லுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அவளுக்குப் புத்தகம் தேவையில்லை. கடைவாய்ப் பற்களின் விளிம்பு கூராக இருந்தது. கடைசிப் பல்லில் தேய்வே இல்லை.

பத்து வயதாவது! இது இளம் மான்.

அவள் தாடையைப் பிரட்டினாள். எலும்பு பிரிகிற இடத்தில் மெல்லிய கம்பியால் ஒரு மட்டை கட்டியிருந்தது. வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் கட்டவேண்டிய மட்டை. திகதி, இடம், வயது மதிப்பு. அப்பாவின் சரிந்த எழுத்தில், பென்சிலால், ஜெர்மனில் எழுதியிருந்தது: வயது ஆறு. இரு பக்கமும் முடி. தவறுதலாக அல்ல.

"என்ன பிள்ளை, ஏதும் பிழையோ?" அஞ்சலா அன்ரி கேட்டார்.

"இல்லை அன்ரி." அவள் கையுறையைக் கழற்றினாள். ஒரு விரல் வரமறுத்தது. பல்லால் கடித்து இழுத்தாள். "மனிசன் ஒருக்கால் சொல்லித் துலைச்சிருக்கலாம். ஒருக்கால்! விடியத்தொடக்கம் நான் குப்பை கிண்டிறன்."

"தேத்தண்ணியைக் குடி."

குடித்தாள். சீனி கூடிப்போயிருந்தது. இனி இந்தத் தாடையைக் கொடுத்தாலும் சிவப்பு, கொடுக்காவிட்டாலும் சிவப்பு. கொடுக்காவிட்டால் வயதான மனிதர் ஒருவரின் கண் பிசகியது என்று ஆகும். டிரேசன் முப்பத்தெட்டுக்குப் போய்விடுவார். கொடுத்தால், தெரிந்தே விதியை மீறியவர் என்று ஆகும். கொடுக்காமல் விடுவதென்றால் பல்கனி இருந்தது, கீழே குப்பைத்தொட்டியும் இருந்தது.

வீட்டில் எல்லோரும் முழுகி முடித்து, மாமி பருப்பும் பச்சடியும் வைத்து, சாப்பிடாதவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். தக்சாயினி முழுகி ஈரத் தலையோடு அறைக்குள் போனபோது அம்மா கட்டிலில் இருந்தாள். அப்பாவின் பச்சைத் தொப்பி மடியில் கிடந்தது.

"அம்மா, அந்த மானை அப்பா தெரிஞ்சுதான் சுட்டவர்."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியுமோ!"

"எனக்கு மானைப் பற்றி என்னடி தெரியும்? முப்பது வருசமா மரத்தைப் பற்றிக் கேட்டன், பதினைஞ்சு வருசமா மானைப் பற்றிக் கேட்டன். ஒரு காதாலை." அம்மா தொப்பியின் விளிம்பில் இருந்த நூலைக் கிள்ளினாள். "அந்தச் சரிவிலை நாலாயிரத்து இருநூறு கண்டு நட்டவர். முந்தி நிண்ட மரமெல்லாம் வண்டு அரிச்சுச் செத்த இடம். முந்நூறு மிஞ்சினது. மற்றதெல்லாம் மான் திண்டது."

"தெரியும்."

"தெரியும் எண்டால் பிறகென்ன?"

தெரியும். இரண்டு வருடமும் அப்பாவின் கடிதத்தை ஒழுங்கான ஜெர்மனில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். கொம்பு விதியை ஐந்து வருடத்துக்கு நிறுத்தவேண்டும் என்று சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஓர் அன்ட்ராக், பிரேரணை. அப்பாவின் வாதம் சாப்பாட்டு மேசையில் மனப்பாடமானது: எல்லோரும் முடிக்கொம்பு முதிரட்டும் என்று பரணில் காத்திருக்கிறார்கள், பெண்மானைச் சுட ஒருவருக்கும் ஆசையில்லை, சுவரில் தொங்கவிட அதற்குக் கொம்பா இருக்கிறது? திட்டப்படி நூற்றுநாற்பது பெண்மான் சுடவேண்டும், சுட்டது அறுபத்தொன்று. குட்டி போடுவது கொம்பா? 'கலியாண வீட்டிலை மாப்பிளைமாரை மட்டும் எண்ணிப்போட்டுச் சோறு அவிக்கிறாங்கள்' என்பார். டிரேசனின் பக்கத்தையும் அப்பாவே சொல்லுவார், நேர்மையான மனிதர். விதி வருவதற்கு முன்னர் நடுத்தர வயது ஆண்மான் ஒன்றும் மிஞ்சாமல் சுட்டுத் தள்ளினார்கள், பொடி மான்கள் புணர்ச்சிக் காலத்தில் மந்தையைக் குழப்பின, குட்டிகள் பிந்திப் பிறந்து பனியில் செத்தன. இப்போது அது நின்றுவிட்டது. 'அது சரி. அதை நான் இல்லையெண்டேல்லை. ஆனா அது மட்டும் போதும் எண்டு சொன்னால்தான் எனக்குப் பத்தி எரியுது.'

இரண்டு அன்ட்ராக்குகளுக்கும் ஒரே பதில். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை.

மூன்றாம் தடவை, கடந்த நவம்பரில், அவர் கடதாசியோடு வந்து நின்றபோது தக்சாயினி கைத்தொலைபேசியில் இருந்து தலையைத் தூக்கவில்லை. 'எனக்கு நேரமில்லையப்பா. ஒருத்தரும் வாசிக்காத கடிதத்தை எத்தினை தரம் எழுதிறது?' என்றாள். அவர் சரி என்று போய்விட்டார்.

"நீ எழுதித் தரேல்லை எண்டு தன்பாட்டிலை குந்தியிருந்து எழுதினவர்" என்றாள் அம்மா. குற்றம் சாட்டவில்லை. அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரல். "அதுக்கும் இடமில்லை எண்டு வந்தது. அண்டைக்குச் சோத்துக் கோப்பையோட இருந்துகொண்டு ஒரே சிரிப்பு. 'யோகம், ஒழுங்கா நடக்கிறவனை உவங்கள் கதைக்க விடமாட்டாங்கள். பிழை விட்டவனைத்தான் எழுப்பி, சொல்லு எண்டு கேப்பாங்கள்' எண்டார். நான் ரசம் விட்டுக்கொண்டு நிண்டனான். பகிடி எண்டு நினைச்சன்."

தக்சாயினி கட்டிலின் விளிம்பில் இருந்தாள். ஈரத் தலைமுடி முதுகில் ஒழுகியது. அம்மா எழுந்து அலுமாரியைத் திறந்து, தன் சேலைகளுக்குக் கீழே இருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"இதை நான் ஏன் வைச்சிருக்கிறன்? எனக்கு வாசிக்கவும் ஏலாது."

மணி ஐந்தே கால்.

மண்டபத்தில் கொம்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்க வெள்ளை மண்டையோடுகள். முப்பத்தேழாம் இலக்க ஆணி வெறுமையாக இருந்தது. தக்சாயினி கொம்பை ஒரு கையிலும் பையை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு வந்து டிரேசனின் மேசையில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பல்லைப் பார்த்தார், தலையாட்டினார். மட்டையைப் பார்த்தார். இரண்டாம் தரம் பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"மத்தியானத்திலிருந்து."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கிட்ட இல்லை. கம்பியின் முறுக்கில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "மட்டைகள் சிலவேளை கழன்று விழுந்துவிடும்" என்றார். "ஃப்ரீசரில், பயணத்தில். நான் அவரைப் பதினைந்து வருடமாக மதித்தவன். நாளைக்கு வருகிற எல்லோரும் அவரை அப்படியே நினைக்கட்டுமே."

அவர் சொன்னது நல்ல மனதோடுதான். அதுதான் தக்சாயினிக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. ஒரு கொம்புக்கும் விதி தளர்த்தாத மனிதர், அப்பாவின் வாயை மூட மட்டும் தளர்த்தத் தயார்.

"கழன்று விழவில்லை" என்றாள். "கட்டியே இருக்கட்டும்."

அவர் விரலை எடுத்தார். சிவப்புப் புள்ளித் தாளில் இருந்து ஒன்றை உரித்து ஒட்டினார். நேராக ஒட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. முந்நூறு பேர், பாதிப்பேர் கையில் அந்த நேரத்திலேயே பியர். எரித்த மறுநாள் பெட்டைப்பிள்ளை படி தாண்டுவதா, அதுவும் எலும்புக் கடைக்கு என்று சந்திரகாந்தி மாமி காலையில் பெரிய அமளி பண்ணியிருந்தார். கடைசியில், 'தனிய விட ஏலாது' என்று தானும் கிளம்பி, வெள்ளைச் சேலையும் குளிர்ச் சட்டையுமாக முன்வரிசையில் உட்கார்ந்து, சுவரில் இருந்த கொம்புகளை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு. "எங்கட தம்பியின்ரைதான் பெரிசு" என்றார், முடிவாக. அது உண்மையில்லை.

டிரேசன் இலக்கம் இலக்கமாகப் போனார். பதினொன்றில் சிவப்பு. ஒரு பொடியன் எழுந்து, மூடுபனி, கொம்பு சரியாகத் தெரியவில்லை என்றான். சிலர் கைகொட்டிச் சிரித்தார்கள், அவன் உட்கார்ந்தான். இருபத்தாறில் சிவப்பு. நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார்.

"முப்பத்தாறு, பச்சை. முப்பத்தேழு." டிரேசன் தாளைப் பார்த்தார். "முப்பத்தேழைச் சுட்ட நமது தோழர் இந்த மாதம் காலமானார். எல்லோருக்கும் தெரியும். முப்பத்தெட்டு—"

"முப்பத்தேழுக்கு விளக்கம் இருக்கிறது" என்றாள் தக்சாயினி.

எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. முந்நூறு தலை திரும்பியது.

"ஃப்ராவ் விமலநாதன்." டிரேசன் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். "விளக்கம் சுட்டவர்தான் தரவேண்டும். விதி."

"சுட்டவரின் விளக்கம்தான். எழுதித் தந்திருக்கிறார். நவம்பரில். உங்கள் சங்கத்துக்கே வந்தது, நிரலில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்."

மண்டபம் அசைந்தது. டிரேசனின் கழுத்து சிவந்தது. பக்கத்தில் இருந்த செயலாளர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார், முன்னுக்கும் பின்னுக்கும். இறந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. யாரோ, "வாசிக்கட்டும்" என்றார்கள். யாரோ, "நேரமாகிறது" என்றார்கள்.

"எவ்வளவு நேரம்?" டிரேசன் கேட்டார்.

"மற்றவர்களுக்குக் கொடுத்த நேரம்."

அவர் விலகி நின்றார்.

ஒலிவாங்கி அவருடைய உயரத்துக்கு இருந்தது. தக்சாயினி திருகைத் திருப்பினாள், அது அசையவில்லை. இன்னொரு தரம் திருப்பினாள். முன்வரிசையில் இருந்து மாமியின் குரல் தமிழில், முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி வந்தது. "உதை விடடி. சும்மா சத்தமா வாசி. உன்ரை அப்பர் சந்நிதியிலை மைக் பிடிச்சே பாடினவர்?"

டிரேசன் திரும்பி வந்து திருகைத் தளர்த்தி ஒலிவாங்கியை அவள் வாய் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போனார்.

அவள் கடதாசியை விரித்தாள். நாலு மடிப்பிலும் தேய்ந்து, நடுவில் சின்ன ஓட்டை விழுந்திருந்தது.

"என் பெயர் விமலநாதன்" என்று வாசித்தாள். "வடக்குச் சரிவில் நாலாயிரத்து இருநூறு கன்று நட்டவன் நான்."

பின்னால் பியருக்கு வரிசையில் நின்ற ஒருவருக்கு முறை வந்தது. கண்ணாடிக் குவளையை நீட்டினார்கள். அவர் அதை வாங்காமல், சுவரில் முப்பத்தேழாம் இலக்கக் கொம்பின் பக்கம் திரும்பியபடியே நின்றார்.